பூ மூடுவதற்கு முன்: திருகோணமலைக் கரையோரக் காட்டில் ஒரு பங்குனி நாள்

ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரையில் வெளியூரிலிருந்து யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள். "பூக்காலம் என்று சொன்னீங்களே, எங்கே பூ?" அவர்கள் நிலாவெளிக் கரையில் வந்து இறங்கிய நேரம் பதினொரு மணியைத் தாண்டியிருக்கும். மணல் சுடத் தொடங்கியிருக்கும். அடம்பன் பூவெல்லாம் சுருங்கி, கசக்கிப் போட்ட ஊதாத் துணி மாதிரிக் கொடியில் தொங்கும். நாலு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால், பூவை மிதிக்காமல் கால் வைக்க இடம் தேடியிருப்பார்கள்.

எங்கள் கரையோரப் பூக்களுக்கு நேரம் உண்டு. சில விடியலில் விரிந்து மத்தியானத்தில் வாடிவிடும். சில வெயில் ஏறினால்தான் கண் திறக்கும். ஒன்று மாலையில் நிறம் மாறும். ஆகவே முதன்முறை வருகிறவர்களுக்கு நான் இடத்தைவிட நேரத்தைத்தான் முதலில் சொல்வேன். இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை தையோடு ஓயும். திருகோணமலைக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அந்த நாலு மாதத்தில் விழுந்து முடிந்துவிடும். மாசியில் மேல்மண் காயும், ஆனால் ஒரு முழம் தோண்டினால் ஈரம் இருக்கும். கீழே ஈரம், மேலே வெயில். இரண்டும் சேர்ந்திருக்கிற அந்த எட்டு, ஒன்பது கிழமைதான் பூக்காலம். மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் நிலத்துப் பூ ஒன்றும் மிஞ்சாது. மரங்கள் மட்டும் தாக்குப்பிடிக்கும்.

ஒரே ஒரு கிழமைதான் வரமுடியும் என்றால், சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்திய கிழமையைத் தெரிவு செய்யுங்கள். வருஷம் பிறந்த பிறகு விடுமுறைக் கூட்டம் நிறைந்துவிடும். அறை வாடகை ஏறும், கரையில் வாகனம் நிறுத்த இடம் இருக்காது. வருவதற்கு இரண்டு மூன்று நாள் முந்தி ஒரு சின்ன மழை பெய்தது என்று கேள்விப்பட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏன் என்று பற்றைக்காட்டுக்குப் போகும்போது சொல்கிறேன்.

கார்த்திகைப்பூவைத் தேடி இந்த மாதத்தில் வர வேண்டாம். அது பேருக்கேற்றபடி மழைக்காலத்தில் பூத்து முடிந்திருக்கும். அதேபோல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பூக்கம்பளம் விரிந்திருக்கும் என்ற நினைப்போடும் வர வேண்டாம். இது மணலிலும் உப்புக்காற்றிலும் வளர்கிற காடு. மரம் குட்டை, இலை தடிப்பு, பூ பெரும்பாலும் சின்னது. குனிந்து பார்க்க வேண்டும், சிலவற்றுக்குக் குந்தியிருக்க வேண்டும். பாதித் தூரம் நடந்தாலும் பரவாயில்லை, இரண்டு மடங்கு நேரம் நின்று பாருங்கள்.

எங்கே போகலாம், எங்கே கேட்டுப் போக வேண்டும்

இதில் புதியவர்கள் குழம்புவார்கள். காடு எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை.

புறாமலை என்று நாங்கள் சொல்லும் புறாத்தீவு, 2003 இலிருந்து தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தில் ரிக்கெற் எடுத்துத்தான் போக முடியும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள காடு 1963 இல் சரணாலயமாக்கப்பட்டது, அங்கே நிறைய இடம் கடற்படையின் கையில் இருக்கிறது. வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951 இலிருந்து சரணாலயம். மகாவலி கடலில் சேரும் பக்கத்தில் சேருவில அல்லைச் சரணாலயம் 1970 இலிருந்து இருக்கிறது. இவை தவிர வனத் திணைக்களத்தின் ஒதுக்குக்காடுகள் இருக்கின்றன, கோயில் நிலங்கள் இருக்கின்றன, தனியார் வளவுகள் இருக்கின்றன.

முதல்முறை வருகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: பொது வீதியிலிருந்தும் கரையிலிருந்தும் எட்டக்கூடிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு அதுவே தாராளம். ஒதுக்குக்காட்டுக்குள் இறங்க விருப்பம் என்றால் நகரத்தில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் முதல்நாளே கேட்டு அனுமதி எடுங்கள். கடற்படை முகாம் பக்கம் கமராவைத் தூக்க வேண்டாம், பூவைத்தான் எடுத்தேன் என்று அங்கே விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. கண்ணிவெடி அபாயம் என்று சிவப்புப் பலகையோ நாடாவோ எங்காவது கண்டால், அது எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் அதற்கு அப்பால் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. ஆட்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் இருப்பது எப்போதும் நல்லது.

பூப் பறிப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் 1937 இல் இயற்றப்பட்டது, தேசியப் பூங்காவில் ஒரு கொப்பு முறித்தாலும் குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு பூ என்பது அந்தச் செடி ஒரு வருடம் சேர்த்த தண்ணீர்.

முதல்நாள் மாலை செய்ய வேண்டியவை

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியக்காலை இறங்கி நேரே கரைக்குப் போகலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். செய்யலாம், ஆனால் நித்திரைக் கண்ணோடு சின்னப் பூவைப் பார்க்க முடியாது. முதல்நாளே வந்து உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தங்குங்கள். நகரத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர், புல்மோட்டை வீதியில் வடக்கே. குச்சவெளிப் பக்கம் போகும் பஸ் எல்லாம் அந்த வழிதான். விடியலில் பஸ்ஸை நம்பியிருக்காமல் முதல்நாள் மாலையே ஒரு ஓட்டோவைப் பேசி வையுங்கள். நாள் முழுவதுக்கும் பேசினால் விலையும் படியும், நிழலில் பையை வைக்க ஒரு இடமும் கிடைக்கும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கட்டாயம். நண்பகலில் 33, 34 பாகை வரை போகும், உப்புக்காற்றில் வியர்வை தெரியாது, தலை சுற்றிய பிறகுதான் தாகம் என்று புரியும். தேசிக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சீனியும் போட்டு ஒரு போத்தல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை. காலுக்குச் சப்பாத்து. ரப்பர்ச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் நெருஞ்சி முள் அடியால் குத்தி மேலே வரும். ஒரு பழைய சாரம் அல்லது துவாயும் எடுங்கள், மணலில் முழங்கால் ஊன்றிப் பார்க்க உதவும். கையில் வைத்துப் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் பூவின் உள்ளே இன்னொரு உலகமே இருக்கும்.

படுக்கப் போகும் முன் தங்குமிடத்து வேலியைப் பாருங்கள். பூவரசு இல்லாத வேலி இங்கே அரிது. விடிய வெளிக்கிடும்போது அதில் ஒரு பூவைக் கண்ணால் குறித்து வையுங்கள். எந்தக் கொப்பு, எத்தனையாவது இலைக்குப் பக்கத்தில் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மாலையில் அதனிடம் திரும்பி வர வேண்டும்.

காலை ஆறு மணி: மணல்

பங்குனியில் சூரியன் ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் கடலுக்கு மேலே வந்துவிடும். அப்போது கரையில் நிற்க வேண்டும். நிலாவெளியில் உல்லாச விடுதிகள் துப்புரவாக்கி வைத்த கரையில் அல்ல. அவற்றைக் கடந்து, வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கிற, வலை காய்கிற பக்கத்துக்குப் போங்கள். அங்கேதான் மணல்மேடு இன்னும் மணல்மேடாக இருக்கிறது.

முதலில் தெரிவது அடம்பன் கொடி. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அந்தப் பழமொழி எங்கிருந்து வந்தது என்று இங்கே குனிந்து ஒரு கொடியைத் தொடர்ந்து போனால் விளங்கும். ஒரு கொடியைத் தூக்கினால் சும்மா வரும். ஆனால் அது கணுவுக்குக் கணு வேர் விட்டு, பக்கத்துக் கொடியோடு பின்னி, அதற்குமேல் இன்னொன்று ஏறி, மேட்டு மணல் முழுவதையும் வலைபோட்ட மாதிரிப் பிடித்து வைத்திருக்கிறது. அடம்பன் போன கரையில் மணலும் போகும்.

பூ ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், புனல் வடிவம், தொண்டைக்குள் நிறம் கடுமையாகும். ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு காலைக்குத்தான். ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில்தான் முழு அழகு. கண்ணை மணல் மட்டத்துக்குக் கொண்டுவந்து, சூரியனைப் பூவுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். இதழில் ஐந்து கோடுகள் நட்சத்திரம் போல் தெரியும்.

இலையையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். நெய்தல் நிலத்தைப் பாடிய பழைய பாட்டில் இந்த இலையை மானின் அடியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். வேறு ஊரில் இருப்பவர்களுக்கு அது உவமை. திருகோணமலையில் அதை நேரிலேயே பார்க்கலாம், ஏனென்றால் எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் வீதியிலும் கடற்கரையிலும் திரிகின்றன. நகரக் கரையில் ஒரு விடியலில் ஈர மணலில் பதிந்த குளம்படிக்குப் பக்கத்தில் ஒரு அடம்பன் இலை விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே பிளவு, நுனியில் ஒரே வளைவு. நான் இந்த ஊரில் பிறந்தவன், அன்றைக்குத்தான் அந்தப் பாட்டு எனக்கு முழுதாகப் புரிந்தது. நீங்களும் முடிந்தால் தேடிப் பாருங்கள்.

அடம்பனுக்கிடையில் ஊசி ஊசியாக உருண்டை கட்டி நிற்பது இராவணன் மீசை. அதன் காய்ந்த கதிர்க்குண்டுகள் காற்றில் உருண்டு ஓடும், சிறுவர்கள் அதன் பின்னால் ஓடுவார்கள். நுனி கூர், வெறுங்காலோடு விட வேண்டாம். மேட்டின் பின்பக்கம் எருக்கலை நிற்கும். வெள்ளையும் ஊதாவுமாகக் கிரீடம் வைத்த பூ. பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே பூதான், ஆனால் பால் கண்ணில் பட விடக் கூடாது.

எட்டரை மணி: விஷ்ணுகிராந்தியைத் தேடுதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கரையிலிருந்து வீதியைக் கடந்து உள்பக்கம் போனால், மணல் கெட்டியாகி, புல்லுக் குட்டையாகி, தரவை மாதிரி ஒரு வெளி வரும். மாடு மேய்ந்த நிலம். முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. சாரத்தை விரித்து முழங்காலில் இருங்கள். இரண்டு நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். அப்புறம் ஒரு நீலப் புள்ளி தெரியும். ஒன்று தெரிந்தால் பத்துத் தெரியும், பத்துத் தெரிந்தால் நீங்கள் அதன்மேலேயே இருந்துகொண்டிருப்பதும் தெரியும்.

அதுதான் விஷ்ணுகிராந்தி. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. ஐந்து மடல் சேர்ந்து ஒரு சின்னத் தட்டு, அதன் நீலத்துக்கு ஈடான நீலம் இந்தக் கரையில் கடலுக்கும் இல்லை என்பது என் முடிவு. நடுவில் வெள்ளை. தண்டும் இலையும் மெல்லிய மயிர் மூடி வெள்ளி போல் மினுங்கும். தண்டு நிலத்தோடு படுத்துக் கிடக்கும். வெயில் கொஞ்சம் ஏறினால்தான் விரியும், மத்தியானத்துக்குப் பின் மூடிவிடும். ஆகவே எட்டரையிலிருந்து பதினொன்று வரைதான் உங்களுக்கு நேரம்.

வருஷப்பிறப்பன்று கோயிலில் தரும் மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். அதில் தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் வரிசையில் விஷ்ணுகிராந்தியும் உண்டு. என் அம்மம்மா அந்தப் பேரைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், செடியைக் காட்டித் தந்தது நாட்டு வைத்தியம் செய்த ஒரு அயலவர். மருந்துக் கடையில் காய்ந்த சருகாகக் கிடக்கிறது இப்படி நீலமாகப் பூக்கும் என்று அதுவரை நான் நினைக்கவே இல்லை. சித்திரைக்கு முந்திய கிழமை வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தலையில் வைக்கப் போகிற பூவை நிலத்தில் பார்த்துவிட்டுப் போகலாம்.

படம் எடுப்பவர்களுக்கு: காற்று நிற்காது. உங்கள் உடம்பால் காற்றை மறைத்து, உள்ளங்கையைச் செடிக்குப் பக்கத்தில் மதில் மாதிரி வைத்துக்கொண்டு கைபேசியால் எடுங்கள். செடியைப் பிடித்து நிமிர்த்த வேண்டாம்.

அதே வெளியில் நெருஞ்சி மஞ்சளாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும், வெள்ளைத் தும்பை நிற்கும், வேலி ஓரத்தில் நீலக் காக்கணம் படர்ந்திருக்கும். வீதியோரமெல்லாம் ஆவரசு. அதைத் தேட வேண்டியதில்லை, அதுவே கண்ணில் படும்.

ஒன்பதரை மணி: பற்றைக்காடு

நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று போகும் வழியில், வீதியின் மேற்குப் பக்கம் உலர்வலயக் காடு தொடங்கும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று வயிரமான மரங்களின் காடு இது. கரைக்கு அண்மையில் அவை உயரமாக வளராமல் பற்றையோடு பற்றையாக நிற்கும். பாலைப்பழம் வைகாசி, ஆனியில்தான், அதற்கு இன்னொரு முறை வாருங்கள்.

இங்கே பாதையின் ஓரத்திலேயே நடங்கள். முதலில் மூக்குத்தான் கண்டுபிடிக்கும். மல்லிகை மாதிரி வாசம் வந்தால் பக்கத்தில் கிளா பூத்திருக்கிறது. வெள்ளை நட்சத்திரப் பூ, கவட்டு முள். முள்ளில் கையைக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் கொளுக்கி முள்ளோடு ஏறிப் படர்ந்திருப்பது ஆதண்டை. வெள்ளையாக விரிந்து, நீளமான கேசரங்களை நூல்நூலாக வெளியே விட்டு, வாட வாடச் சிவப்பேறும் பூ. ஒரே கொடியில் வெள்ளையும் ரோசாவும் கலந்து நிற்பதைப் பார்த்து இரண்டு செடி என்று நினைக்க வேண்டாம்.

இப்போது அந்த மழை விசயம். "காயாம்பூ வண்ணன்" என்று பெருமாளைப் பாடுகிறோம். காயாம்பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது இந்தக் காட்டில் இருக்கிறது. குட்டை மரம், தடித்த பளபளப்பான இலை, பூ இல்லாத நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பங்குனி, சித்திரையில் ஒரு மழை விழுந்து சில நாள் கழித்து, இலைக்காம்பின் இடுக்கிலும் மொட்டைக் கொப்பிலும் கொத்துக் கொத்தாகக் கருநீலம் ஒட்டிக்கொண்டு வெடிக்கும். கொப்புக்கு நீலப் பாசி பிடித்த மாதிரி இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் நாலு இதழ், நீலக் காம்புகளோடு வெளியே நீட்டிய மகரந்தம். நாலைந்து நாளில் எல்லாம் கீழே கொட்டி மண் நீலமாகிவிடும். எப்போது என்று யாராலும் திகதி சொல்ல முடியாது. ஓட்டோக்காரரிடமோ விறகு பொறுக்கப் போகும் ஆட்களிடமோ "காயா பூத்திருக்கா?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

நிறம் நிறமாகக் கொத்தாகப் பூத்து, புதியவர்கள் முதலில் ஓடிப்போய்ப் படம் எடுப்பது நாயுண்ணி. மஞ்சளும் செம்மஞ்சளும் ரோசாவும் ஒரே கொத்தில். அழகுதான், ஆனால் அது இந்த மண்ணின் செடி அல்ல. 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது, வெளியே தப்பி, இன்றைக்கு உலர்வலயம் முழுவதும் மற்றச் செடிகளை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. அது அடர்த்தியாக இருக்கும் இடத்தில் கிளாவும் காயாவும் குறைவதை நான் கண்ணால் பார்த்து வருகிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காட்டு ஓரத்தில் கவனிக்க வேண்டியவை: உண்ணி, முசுறு, குளவிக்கூடு. சருகுக்குள் சுருட்டை விரியன் படுத்திருந்தால் தெரியாது, கை வைக்கும் இடத்தை முதலில் கண்ணால் பாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல், ஆளை அசையாமல் வைத்துக்கொண்டு 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். யானை இந்தப் பக்கக் காடுகளில் உண்டு. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு காட்டு வீதியில் இறங்கி நிற்காதீர்கள், புதிய லத்தியைக் கண்டால் எந்த நேரமானாலும் திரும்பிவிடுங்கள்.

பதினொரு மணி: கண்டல்

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் களப்பு கடலோடு சேர்கிறது. வெயில் ஏறிய பிறகு நிழலோடு பார்க்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். கண்டல் மரம் தன் விதையை மரத்திலேயே முளைக்க வைத்து, பச்சை முருங்கைக்காய் மாதிரித் தொங்கவிட்டு, பிறகு சேற்றில் குத்தென்று போடும். கண்டலின் கீழே முள் இலையோடு நிற்பது கழுதைமுள்ளி. பேர்தான் அப்படி, பூ இளநீலம், ஒரே ஒரு அகன்ற மடல் நாக்கு நீட்டின மாதிரி இருக்கும். தேன்சிட்டு அதற்காகவே வரும்.

தில்லை மரத்தை இங்கே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சிறு வயதில் நானும் தம்பியும் இங்கே நண்டு பிடிக்க வந்தோம். அவன் நண்டு வளையைக் கிண்ட ஒரு கொப்பை முறித்தான். முறித்த இடத்தில் பால் வடிந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்: "பிள்ளை, அது தில்லை! அந்தக் கையால கண்ணைக் கசக்கிப் போடாதை!" அவர் சொல்லி முடிக்குமுன் அவன் கசக்கிவிட்டான். ஐயா ஓடிவந்து, எங்களிடம் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் அவன் கண்ணில் ஊற்றினார். பிறகு ஆஸ்பத்திரி. இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தான். ஆகவே கண்டல் பக்கம் எந்தக் கொப்பையும் முறிக்க வேண்டாம், பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்தியரிடம் போங்கள். களப்பில் முதலையும் உண்டு. தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து கை கழுவுவதோ பிள்ளைகளைக் கால் நனைய விடுவதோ கூடாது.

நடுப்பகல்

வெயிலோடு போட்டி போடாதீர்கள். சாப்பிட்டு, நிழலில் சாயுங்கள். புறாமலைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், வள்ளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். முருகைக்கல்லும் மீனும் பார்க்க அருமையான இடம், ஆனால் பூவுக்காக அங்கே போக வேண்டாம். பங்குனியில் கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது, வைகாசிக்குப் பிறகு தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். போனால் முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள், அது உயிர்.

மூன்றரை மணி: திருக்கொன்றை வழியாக நகரம்

பின்னேரம் மரங்களுக்கு. நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் ஓட்டோவை விடச் சொல்லுங்கள். ஏழு கிணறுகளிலும் சூட்டுக்குச் சூடு வித்தியாசம் இருக்கும், காலை நடந்த அலுப்புக்கு இரண்டு வாளி ஊற்றினால் சுகம். வழியில் சித்திரை நெருங்க நெருங்கத் திருக்கொன்றை சரம் தொங்கும். இலை கொட்டி, கொப்பு முழுக்கப் பொன்னாக, கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டிய மரம். வேம்பும் இந்த நேரம் பூத்துக் கொட்டும். வேப்பம்பூ வடகம் போட ஆசை வந்தால், ஊருக்குள் யாருடைய முற்றத்திலாவது கேட்டு, மரத்தடியில் துணி விரித்து எடுங்கள், காட்டில் எடுக்க வேண்டாம்.

ஐந்து மணிக்குக் கோட்டைக்குள் வாருங்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியின் இரு பக்கமும் மான்கள் நிற்கும். தின்னக் கொடுக்க வேண்டாம். பொலித்தீன் பையைத் தின்று செத்த மான்களின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு பையையும் முடிச்சுப் போட்டு உள்ளே வையுங்கள். மழை பெய்திருந்தால், ஈர மண்ணில் அடி பதிந்திருக்கும். காலையில் பார்த்த அடம்பன் இலையை நினைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள்.

இருட்டுமுன் தங்குமிடத்துக்குத் திரும்புங்கள். வேலியில் குறித்து வைத்த பூவரசம்பூ ஞாபகம் இருக்கும்தானே. காலையில் நல்ல மஞ்சள், உள்ளே ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு. இப்போது மஞ்சள் மங்கி, இதழ் ஓரத்திலிருந்து சிவப்பேறி, கூம்பி நிற்கும். பிள்ளைகள் கூட இருந்தால் அதே வேலியிலிருந்து, வீட்டுக்காரரிடம் கேட்டு, இரண்டு இலை எடுத்துச் சுருட்டிப் பீப்பீ செய்து கொடுங்கள். விடிந்ததும் அந்தப் பூ கீழே மணலில் கிடக்கும், அதற்கு மேல் கொப்பில் இன்னொன்று மஞ்சளாக விரியத் தொடங்கியிருக்கும்.